ஆனி இருபத்தொண்டு

முதலாம் நாள்: ஆனி 16, திங்கள் (30.06.2025)

எனக்குப் பிறந்தநாள் மூன்று. அரசாங்கக் கணக்கில் ஒன்று, கோயில் கணக்கில் ஒன்று, அம்மாவின் கணக்கில் ஒன்று. அரசாங்கத்தின் நாள் போய் ஒன்பது நாளாகிறது. மிச்சம் இரண்டையும் வன்னியில் கழிப்பதென்று இன்று காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு பையோடு ஏறிவிட்டேன்.

கணக்கு எப்படிப் பிழைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது விசுவாவசு வருடம், ஆனி 21, உத்தர நட்சத்திரம். ஆங்கிலத் திகதிக்கு அது 1965 ஜூலை 5. ஆனால் எங்கள் பக்கத்தில் ஜூன் மாதத்தையும் ஆனி என்றுதான் சொல்வோம், ஜூலையை ஆடி என்போம். பஞ்சாங்கத்து ஆனி ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை நடுவில்தான் முடியும். பிறப்பைப் பதிந்தவர் 'ஆனி 21' என்று காதில் விழுந்ததை 21.06.1965 என்று எழுதி வைத்துவிட்டார். அந்தத் திகதி அடையாள அட்டைக்குப் போய், அங்கிருந்து என் சேவைக் கோவைக்குப் போய், போன 21ஆம் திகதி "உமக்கு அறுபது முடிந்தது, போய் ஓய்வெடும்" என்று அனுப்பிவிட்டார்கள். பதினாலு நாள் முந்தி.

முப்பத்துநாலு வருடமாக ஒவ்வொரு காலையும் திகதி முத்திரையில் நாளை மாற்றி, ஒரு துண்டுக் கடதாசியில் குத்திப் பார்த்து, சரி என்று கண்ட பிறகுதான் வேலை தொடங்கிய தபாலதிபர் நான். என்னையே பிழையான திகதியில் குத்திவிட்டார்கள். எழுதியவர் மேல் எனக்குக் கோபமுண்டு. ஆனால் அவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார், கோபத்தைச் சேர்ப்பிக்க விலாசம் இல்லை.

அறுபதில் வேறொரு விசேசமும் இருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடமும் ஒரு சுற்றுச் சுற்றி, பிறந்த விசுவாவசுவே இந்தச் சித்திரையில் திரும்பி வந்திருக்கிறது. வீட்டுக்காரிக்குத் திருக்கடையூர் போய் அறுபதாம் கலியாணம் செய்ய ஆசை. அதற்குச் சாதகம் வேண்டும். சாதகக் குறிப்பு 1995 இடம்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. ரொறன்ரோவில் இருக்கிற மகளுக்கோ மண்டபம் எடுத்து, என் சின்ன வயதுப் படங்களைத் திரையில் ஓடவிட ஆசை. இரண்டு ஆசைக்கும் நடுவில் அகப்பட்ட நான், "பிறந்த நேரம் கேட்டுக்கொண்டு வாறன்" என்று சொல்லிப் புறப்பட்டேன். நான் பிறந்த அன்று அந்த வீட்டில் நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர். முள்ளியவளையில் இருக்கும் ஆசையம்மா, அம்மாவின் தங்கை.

பஸ்ஸில்தான் வயது சரியாகத் தெரியவரும். 'தம்பி'யாக ஏறித் திரிந்தவன் ஒருநாள் 'அண்ணை' ஆனேன். பிறகு 'அங்கிள்', பிறகு 'ஐயா'. இன்று நடத்துநர், "ஐயா, கொஞ்சம் உள்ளுக்குப் போங்கோ" என்றார். அது பழகிவிட்டது. பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற பிள்ளை ஒன்று எழும்பி, "அப்பு, இதிலை இருங்கோ" என்றது. அப்பு! அந்த ஒரு சொல்லோடு எனக்கு நாலாவது பிறந்தநாளும் வந்து போனது. ஆனாலும் இருந்துகொண்டேன்.

சாவகச்சேரியில் ஒரு அம்மா கேக் பெட்டியோடு ஏறினார். அறுபத்தைந்து இருக்கும். எங்கள் பஸ்ஸில் கேக் பெட்டியோடு ஒருவர் ஏறினால் அது பஸ்ஸுக்கே பொதுக் கேக்காகிவிடும். பிறேக் போடும்போதெல்லாம் நாலு கை நீளும். அவருக்கு நிற்கவே கஷ்டமாக இருந்ததால் பெட்டியை நான் மடியில் வாங்கினேன். ஆனையிறவு தாண்டும்போது பக்கத்து இருக்கை காலியாகி அவரும் வந்து இருந்தார்.

"பேரப்பிள்ளைக்கோ அம்மா?"

"இல்லை ஐயா, மகனுக்கு. நாற்பது."

"எங்கை இருக்கிறார்?"

யன்னல் பக்கம் பார்த்தபடியே, "அதுதான் தெரியாது" என்றார். நான் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். பரந்தன் வரும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார். "கடையிலை நிக்கிற பிள்ளை, வயசும் எழுதவோ எண்டு கேட்டது. வேண்டாம், பேரை மட்டும் எழுது எண்டிட்டன். அவன் போகேக்கை இருபத்திநாலு. நாற்பது எண்டு எழுதினால் அவனுக்குக் கோவம் வரும், பாருங்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிளிநொச்சியில் பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார். கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெற்றோர் குந்தத் தொடங்கினார்கள். அப்படிக் குந்தியவர்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே வயது போய் இறந்துவிட்டார்கள். அந்த அம்மா கோயில் பக்கம்தான் நடந்தார். அங்கேயா போனார், வீட்டுக்கா போனார், எனக்குத் தெரியாது. என் சேட்டில் கொஞ்சம் ஐசிங் ஒட்டியிருந்தது.

முறிகண்டியில் பஸ் நின்றது. ஏ9 பாதையில் போகிறவர் எந்தச் சமயத்தவரானாலும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கடந்து சும்மா போவது குறைவு. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவதுதான் முறை. கச்சான் வாங்கிய பிறகுதான் வலது பக்கக் கடைவாய்ப் பல் இரண்டும் இப்போது இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இடது பக்கத்தால் சமாளித்தேன். ஔவையார் இளம்பெண்ணாக இருந்தபோது கலியாணத்துக்குத் தப்ப பிள்ளையாரிடம்தானே முதுமையைக் கேட்டு வாங்கினார் என்று சொல்வார்கள். கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான். எங்களுக்கெல்லாம் விண்ணப்பப் படிவம் நிரப்பாமலே வீடு தேடி வந்து சேர்ந்துவிடுகிறது, பதிவுத் தபாலில். கையெழுத்துப் போட்டு எடுக்காமல் விடவும் வழியில்லை.

இரவு மாங்குளத்தில், என்னோடு வேலை செய்த ஒருவர் வீட்டில் தங்கல். முன்பு சந்தித்தால் இடமாற்றம், சம்பள நிலுவை என்று கதைப்போம். இன்று சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் அவரவர் குளிசைப் பெட்டியைத் திறந்து, கடுதாசி விளையாடுவதுபோல ஒவ்வொன்றாக மேசையில் வைத்தோம். அவரிடம் ஆறு, என்னிடம் நாலு. அவர் வென்றார்.

இரண்டாம் நாள்: ஆனி 17, செவ்வாய் (01.07.2025)

மாங்குளத்திலிருந்து கிழக்கே முல்லைத்தீவுப் பாதை. இருபக்கமும் காடு, இடையிடையே வெட்டை, வெட்டை முடிகிற இடத்தில் மாடு. பாலைப்பழக் காலமாகையால் தெருவோரம் பேணிக் கணக்கில் விற்கிறார்கள். வாங்கித் தின்றால் பால் பிசுபிசுத்து இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். பேச்சைக் குறைக்க வேண்டிய வயதில் நல்ல பழம் என்று மாங்குளத்துச் சிநேகிதர் சொல்லி ஒரு பை கட்டித் தந்திருந்தார்.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல் இருக்கிறது. 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி இங்கேதான் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் அவன் தோற்றான் என்று கல் சொல்கிறது. அதற்கு இரண்டு மாதம் முந்தித்தான், ஓகஸ்ட் 25இல், முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்திருந்தான். தோற்ற நாளை வெள்ளைக்காரன் திகதி பிசகாமல் குறித்து வைத்திருக்கிறான். கல்லில் இல்லாதது அவன் பிறந்த நாள்தான். நம்மில் எவருடைய திகதியையும் யாராவது சரியாக எழுதி வைத்தார்கள் என்றால், அது அவர்களுக்கு ஏதோ தேவை இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒட்டுசுட்டானில் இறங்கித் தான்தோன்றீசுவரரைக் கும்பிட்டேன். குரக்கன் வெட்டிய ஒட்டுகளைச் சுட்ட இடத்தில், அந்த நெருப்பில் வேகாமல் வெளிப்பட்ட லிங்கம் என்பது ஊர்க்கதை. அதனால்தான் ஊருக்கு ஒட்டுசுட்டான், சுவாமிக்கு வேகாவனப் பெருமான் என்றும் பேர். தானாகத் தோன்றியவருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் தேவைப்படாது. பதிகிறவர் பிழை விடவும் இடமில்லை.

நாங்கள் சைவர்கள் ஒரு விசித்திரமான கூட்டம் என்று அந்த மண்டபத்தில் இருக்கும்போது பட்டது. சுவாமியிடம் கேட்கிற உச்சமான வரம், இனிப் பிறக்காமல் இருக்க வேண்டும் என்பது. அதைக் கேட்டு உருகிவிட்டு, வெளியே வந்து செருப்பைப் போட்டவுடன் பிறந்ததற்குக் கேக் வாங்கப் போகிறோம். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. இனிப் பிறக்கவும் வேண்டாம், பிறந்ததை விடவும் மனமில்லை. சுவாமிக்கு இது புதிதாக இராது.

மத்தியானம் முள்ளியவளை. ஆசையம்மா படலையடியில் விளக்குமாறோடு நின்றார். கிட்டப் போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆர், தம்பியோ? தலைமயிரெல்லாம் எங்கையடா?" என்றார்.

"யாழ்ப்பாணத்திலை விட்டிட்டு வந்திட்டன் ஆசையம்மா."

"உங்களுக்கு இப்ப எத்தினை வயசு?" என்று சாப்பாட்டு நேரம் கேட்டேன். மீன் குழம்பு, முருங்கையிலை வறை, தயிர். பெரிய பதில் வந்தது.

"அரசாங்கம் எழுவத்தொண்டு எண்டு சொல்லுது. முழங்கால் சொல்லுறது வேறை."

அவருடைய கடதாசிகள் 2009இல் போனவை. செட்டிகுளம் முகாமில் ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி, எந்த ஆண்டு பிறந்தது என்று கேட்டிருக்கிறார்கள். "எனக்குக் கலியாணம் பேசின வருசந்தான் புயலடிச்சது" என்று இவர் சொல்லியிருக்கிறார். எழுதுகிற பிள்ளைக்கு எந்தப் புயல் என்று தெரியவில்லை. கடைசியில் உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்று வந்தது. 1954 ஜனவரி 1. அந்தக் கணக்குப்படி நான் பிறக்கும்போது இவருக்குப் பதினொரு வயது. 1951இல் பிறந்து, பத்திரமெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிற வவுனியா மாமாவுக்கு இவர் இப்போது தங்கச்சி. "அவன் என்னை அக்கா எண்டு கூப்பிடுறதை நிப்பாட்டிப் போட்டான்" என்று ஒரு முறைப்பாடு. எழுபது தாண்டினால்தான் முதியோர் கொடுப்பனவு. அதனால் அதற்கும் போன வருடந்தான் தகுதி வந்ததாம். அந்தக் கொடுப்பனவை எத்தனை வருடம் நானே கருமபீடத்தில் எண்ணிக் கொடுத்தேன். கடதாசி வயதைப் பார்த்தேன், முழங்காலைப் பார்க்கவில்லை.

புயல் 1964 மார்கழியில் அடித்தது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் அந்தப் புயல்தான். வன்னியையும் உழுதுவிட்டுப் போனது. "அண்டைக்குக் கூரை பறந்திட்டுது. கொம்மா ஒரு மூலையிலை குந்தியிருந்து சத்தியெடுத்துக்கொண்டு கிடந்தவ. நாங்கள் பயத்திலை எண்டு நினைச்சம். பிறகுதானே தெரியும், அது நீ எண்டு."

எனக்கு அறுபது என்று சொல்லித் திரிகிறேன். இவர் கணக்கில் அதற்கும் முந்தியே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள்: ஆனி 18, புதன் (02.07.2025)

இன்று ஆனி உத்தரம். கோயில் கணக்குப் பிறந்தநாள். நடராசருக்கு அபிசேக நாள், மடுமாதாவுக்கும் ஆடித் திருவிழா இன்றைக்குத்தான். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போன ஓட்டோக்காரத் தம்பி வேதக்காரப் பிள்ளை. தாய் மடுவுக்குப் போய்விட்டாராம், மடு மண் எடுத்துவருவாராம். பாம்பு கடிக்கு அந்த மண் நல்லது என்பார்கள். "உமக்கு எத்தினை வயசு தம்பி?" என்று கேட்டேன். "சுனாமிக்கு நாலு வயசு அங்கிள்" என்றான். வன்னியின் பஞ்சாங்கத்தில் பிரபவ, விபவ எல்லாம் இல்லை. புயலுக்கு முந்தி, இடம்பெயர்வுக்குப் பிறகு, சுனாமிக்கு நாலு. என்னை 'அங்கிள்' என்றதற்காக ஐம்பது ரூபா கூடக் கொடுத்தேன்.

வைகாசிப் பொங்கல் முடிந்து மூன்று கிழமைக்கு மேலாகிறது. பொங்கலன்று தலை மட்டுமே தெரிகிற வெளியில் இன்று நாலு ஆடும் நானும். அருச்சனைத் தட்டை நீட்டினேன். பூசகர் பேரைக் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். அவ்வளவுதான். வயதைக் கேட்கவில்லை. அறுபது வருடமாக எந்தக் கோயிலிலும் யாரும் அதைக் கேட்டதில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மூன்று வயதில் அம்மா இடுப்பில் இருந்தபோதும் இதே இரண்டு கேள்வி, இதே சங்கற்பம்.

தெரியாதவர்களுக்காக இந்த அம்மனின் கதை. மதுரையை எரித்த பிறகு கண்ணகி இலங்கைக்கு வந்து இடமிடமாகத் தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளையாகி வற்றாப்பளை ஆனதென்றும் சொல்வார்கள். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பெடியளிடம் ஒரு கிழவியாக வந்தாள். பெடியள் குழைகளால் ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். இருட்டுகிறது, விளக்கேற்றுங்கள் என்றாள். எண்ணெய் இல்லை ஆச்சி என்றார்கள். கடல்தண்ணியை அள்ளி விட்டு ஏற்றுங்கோடா என்றாள். ஏற்றினார்கள், எரிந்தது. பிறகு தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண். பெடியள் பதறி நிமிர, ஆச்சியைக் காணவில்லை.

இன்றும் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புத் தண்ணியில்தான் விளக்கெரித்துப் பொங்கலுக்குக் கொண்டுவருகிறார்கள். சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஆயிரம் கண்தான். இன்று வேறு இடத்தில் மனம் நின்றது. மதுரையில் நெருப்பைக் கூப்பிட்டவள் இளம்பெண். இங்கே வந்து சேர்ந்தவள் கிழவி. அவள் இங்கே கேட்டது ஒரு விளக்கு, கொஞ்சம் நிழல், பேன் பார்க்க ஒரு ஆள். நடுவில் எத்தனை வருடம் போனதென்று கதையில் இல்லை. அவ்வளவு கோபம் ஆற எவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் பதினாலு நாள் கோபத்துக்கு ஒட்டுசுட்டான் வரைக்கும் பஸ் போதுமாயிருந்தது.

ஆறிவிட்டதென்றுதான் நினைத்தேன். பின்னேரம் தேத்தண்ணியோடு ஆசையம்மாவிடம் வந்த காரியத்தைக் கேட்டேன்.

"பிறந்த நேரமோ? இந்த வீட்டிலை அப்ப எங்கை மணிக்கூடு? பட்டி திரும்பின நேரம். மாடு கத்துது, நீயும் கத்துறாய். ஆர் கூடக் கத்தினதெண்டு தெரியாது."

"நாள்?"

"ஆனி இருபத்தொண்டு. அதிலை மாற்றமில்லை. பதியப் போகேக்கையும் நான்தானே சொன்னனான்."

"நீங்களோ?"

"கொப்பரோடை நானும் போனனான். எழுதுறவர், எத்தினையாந் திகதி எண்டு கேட்டவர். கொப்பர் முழிச்சுக்கொண்டு நிண்டார். நான் முந்திக்கொண்டு, ஆனி இருபத்தொண்டு எண்டனான். அந்த மனிசன், கெட்டிக்காரப் பிள்ளை எண்டு என்னைச் சொன்னது."

அறுபது வருடத்துக்கு முந்திக் கிடைத்த பாராட்டில் அவருடைய முகம் இன்னும் மலர்ந்தது. நான் ஜூன், ஜூலை, சேவைக் கோவை, ஓய்வு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப பதினாலு நாள் சம்பளம் போச்சுதோ?" என்றார். போச்சுது என்றேன். வேறொன்றும் சொல்லாமல் எழும்பிக் கோழியைக் கூட்டில் அடைக்கப் போய்விட்டார்.

வீட்டுக்காரிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"பட்டி திரும்பின நேரமாம்."

"இஞ்சேருங்கோ, அது எத்தினை மணி?"

"மாட்டைத்தான் கேக்கவேணும்."

போனை வைத்துவிட்டார்.

நாலாம், ஐந்தாம் நாள்: ஆனி 19, 20

எழுத ஒன்றுமில்லை. முழங்கால் நோ, எனக்கும் ஆசையம்மாவுக்கும், ஒரே காலில். வியாழக்கிழமை பழக்கதோசத்தில் தபாலகத்துக்குப் போய் ஒரு தபாலட்டை வாங்கி, 'சுகமாக இருக்கிறேன்' என்று எழுதி எனக்கே அனுப்பினேன். கருமபீடத்துப் பிள்ளை பெறுநர், அனுப்புநர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னை ஒருதரம் பார்த்தது. முத்திரை தெளிவாக விழுந்தது, திகதி சரி.

வெள்ளிக்கிழமை இரவு கரண்ட் நின்றது. ஆசையம்மா அடுப்படியிலிருந்து ஜாம் போத்தல் விளக்கொன்றைக் கொண்டுவந்து வைத்தார். மண்ணெண்ணெய் தட்டுப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்ச எண்ணெயில் கனநேரம் எரிய வேண்டுமென்று சனம் கண்டுபிடித்த விளக்கு. என் முப்பத்தோராவது பிறந்தநாள் 1996இல் கிளிநொச்சியில் இப்படி ஒரு விளக்கடியில்தான். சீனி இல்லை, வீட்டுக்காரி பனங்கட்டி போட்டுப் பாயாசம் காய்ச்சினார். அந்த மாதமே சண்டை கிளிநொச்சிக்கு வந்து, பானையும் நாங்களும் மல்லாவிப் பக்கம். கடிதம் வராத இடத்தில் ஒரு தபால்காரன். அன்றைக்கு எத்தனை வயது என்று யாரும் எண்ணவில்லை. எத்தனை பேர் சாப்பிட இருக்கிறோம் என்று மட்டும் எண்ணினோம். ஏழு பேர்.

ஆறாம் நாள்: ஆனி 21, சனி (05.07.2025)

அம்மாவின் பிறந்தநாள். அம்மா பிறந்த நாள் என்று வாசித்துவிடாதீர்கள், அம்மா எனக்குச் சொல்லித்தந்த நாள்.

காலை ஐந்தரைக்கே ரொறன்ரோ அடித்தது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை, கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால்தான் முகம் தெரிகிறது. அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை இரவாம். பேத்தி, "அப்பப்பாவுக்கு இன்னும் பிறந்தநாள் வரேல்லையே" என்றாள். அம்மப்பா என்று திருத்தவும் நேரமில்லை, எனக்கு ஐந்தாவது பிறந்தநாள் ஒன்றும் வந்துவிடும் போலிருந்தது. பாட்டு நடுவில் அறுந்தது. பனியன், சாரத்தோடு கிணற்றுக்கட்டில் நிற்கிற கிழவன் ஒருவனின் முகம் திரையில் கொஞ்ச நேரம் உறைந்து நின்றது. நான்தான்.

வெளிக்கிடும் நேரம் ஆசையம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்துக் கிடந்த ஆயிரம் ரூபாத் தாளொன்றை நீட்டினார்.

"வேண்டாம் ஆசையம்மா, நான் என்ன சின்னப்பிள்ளையோ."

"இது பிறந்தநாளுக்கில்லை. பதினாலு நாள் சம்பளம். மிச்சத்தை அடுத்த முறை வா, தாறன்."

வாங்கினேன். கும்பிட்டுவிட்டுத் திரும்ப, "எங்கை போறாய்? துண்டு எழுதித் தா" என்றார். இவ்வளவு காலமும் நான் தபாலகத்தில் கைநாட்டு வாங்காமல் ஒரு கிழவிக்கும் காசு கொடுத்ததில்லை. நியாயம்தான். மேசையில் குந்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெற்றுக்கொண்டேன் என்று பற்றுச்சீட்டு எழுதினேன்.

"திகதி என்னெண்டு போட?"

"இண்டைக்கு ஆனி இருபத்தொண்டு."

அப்படியே எழுதினேன்.

ஓட்டோ வர நேரமிருந்தது. தலை முழுகிய ஈரத்தோடு ஆசையம்மா திண்ணைப் படியில் இருந்தார். நான் மேல்படியில். "தம்பி, இதுக்குள்ளை ஏதோ ஊருது, ஒருக்காப் பார்" என்று தலையைப் பின்னால் சாய்த்தார். கண்ணாடி உள்ளே மேசையில் கிடந்தது, எழும்ப முழங்கால் விடவில்லை. வெறுங்கண்ணோடு மெதுவாக மயிரை விலக்கினேன். வெள்ளை வெளேரென்று கலங்கலாக ஒரு வெளிச்சம் மாதிரித்தான் இருந்தது. சீவக்காய் மணத்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கை நின்றதைக் கண்டு அவர் திரும்பாமலே கேட்டார்.

"என்ன தம்பி, கண் தெரியுதோ?"